நடுச் சக்கரம் மூன்று மில்லிமீட்டர் கீழே

ஒரு மனிதனை ஐம்பத்தோரு வயதில் தனியாக உட்கார வைக்க ஊரில் பல ஏற்பாடுகள் உண்டு. என் விஷயத்தில் பாதி வேலையை ஜாதகம் பார்த்துக்கொண்டது. மீதியை நானே ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தேன்.

வீடு பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இயந்திர வரைபடம் வரைந்தேன். கம்ப்யூட்டர் என்னைவிட நேராகக் கோடு போடுகிறது, அதுவும் டீ கேட்காமல், என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்த வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். விருப்பம் அவர்களுடையது. எங்கள் பக்கத்தில் நிலம் மட்டும் வைத்திருப்பவனுக்குப் பெண் கிடைப்பது அரிது. நிலத்தோடு நானூறு புத்தகமும் வைத்திருப்பவனை யாரும் தின்பண்டத் தட்டுக்கு அப்பால் அனுமதிப்பதில்லை.

பேசுவதற்கு எனக்கு ஒரே ஓர் ஆள் இருந்தான். ஐ.டி.ஐ.யில் பக்கத்து இருக்கைக்காரன். ஊர் வட்டவடை. அங்கிருந்து மூணாறுக்கு முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறான்: காலையில் ஆட்கள், பகலில் கேரட் மூட்டை, சாயங்காலம் மூட்டைமேல் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கழுவி முடித்ததும் என்னைக் கூப்பிடுவான். ஒரு மணி நேரம் பேசுவோம். வயதுக்குத் தகுந்தபடி முட்டிவலியைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ அல்ல, ரோபோவைப் பற்றி.

வாளையாருக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் வருடா வருடம் ரோபோ போட்டி நடக்கும். மாணவர்களுக்காக நடத்துவது, போனால் போகிறது என்று ‘பொதுப் பிரிவு’ ஒன்று வைத்து எங்களைப் போன்றவர்களையும் உள்ளே விடுவார்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ரப்பர் விரிப்பு, சுற்றிலும் பலகைத் தடுப்பு, நடுவில் சிதறிக்கிடக்கும் பந்துகள். இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் இறங்கி, இரண்டு நிமிடத்தில் பந்துகளைப் பொறுக்கித் தத்தம் மூலைகளில் இருக்கும் பெட்டிகளில் போட வேண்டும். மூன்று வருடம் சேர்ந்து போனோம். வண்டியை வடிவமைப்பது நான். ரிமோட்டைப் பிடிப்பது அவன்.

பார்க்கிறவர்கள் பந்து பொறுக்கும் கையைத்தான் பார்ப்பார்கள். ஆட்டமே திரும்புவதில் இருக்கிறது. இந்த வண்டிகளுக்கு ஸ்டீரிங் கிடையாது. இடப்பக்கச் சக்கரங்கள் முன்னே சுற்ற, வலப்பக்கச் சக்கரங்கள் பின்னே சுற்ற, வண்டி நின்ற இடத்தில் வட்டமடிக்கும். கேட்க சுலபம். ஆனால் மூலையில் இருக்கும் சக்கரத்தின் முகம் நேர்முன்னே இருக்கிறது; அது போக வேண்டியதோ வட்டத்தில். எனவே ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்க வேண்டும். வண்டி அகலத்தைவிட நீளமாக இருந்தால் இந்தத் தேய்ப்பு இன்னும் கூடும். காசு போட்டு வாங்கும் மாணவர்கள், விளிம்பில் குட்டி உருளைகள் பதித்த சக்கரங்களை மூலைகளில் மாட்டிவிடுவார்கள். அது பக்கவாட்டிலும் வழுக்கிப் போகும். எதிரி வண்டி லேசாக முட்டினாலும் வழுக்கிப் போகும் என்பதால் நான் அதை ஏளனம் செய்தேன். ஏளனம் செய்வதற்கு என்னிடம் எப்போதும் நல்ல காரணங்கள் இருக்கும்.

மூன்றாம் வருடத்து வண்டியை நீளமாக வரைந்தேன். கை உயரமானது, கவிழக் கூடாது. நான்கு மூலையில் நான்கு ரப்பர் சக்கரம், நான்கும் ஒரே மட்டத்தில். படத்தைப் பார்த்ததுமே அவன் போனில் இழுத்தான்.

“மாப்ள, இது திரும்பாது போலருக்கே.”

“ஏன் திரும்பாது? கணக்குப் போட்டிருக்கறன்டா.”

“கணக்கு கெடக்கட்டும். நடுவுல ரெண்டு சக்கரம் சேத்துப் போடு. அத மட்டும் கொஞ்சம் எறக்கி வையி. பாரம் பூராவும் நடுவுல நிக்கும், மூலையில இருக்கறதெல்லாம் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும். ஜீப்புல பின்னாடி கேரட்ட ரொம்ப ஏத்திட்டோம்னா முன்சக்கரம் தரையத் தொட்டும் தொடாமத்தேன் இருக்கும். பயமாத்தேன் இருக்கும். ஆனா ஸ்டீரிங்கு ஒத்த வெரல்ல சுத்தும்டா.”

“அப்ப வண்டி முன்னயும் பின்னயும் ஆடுமேடா. நொண்டி நாக்காலியாட்ட.”

“ஆடுனா ஆடிட்டுப் போகுது. நீ என்ன அதுமேல ஒக்காந்து காப்பியா குடிக்கப் போற?”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டலில் மேசை ஆடினால் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் சொருகாமல் தோசையைத் தொடாதவன் நான். ஆடும் பொருளை வேண்டுமென்றே வரைவது என் ஜாதகத்தில் இல்லை. தவிர, வண்டியைக் கட்டி எங்கள் வீட்டுக் களத்தில் விட்டுப் பார்த்தேன். பம்பரம் மாதிரி சுற்றியது. நெல்லும் கொப்பரையும் காய்வதற்காகத் தாத்தா காலத்தில் போட்ட சிமெண்ட் களம். பன்னிரண்டடி என்ன, அறுபதடி இருக்கும். வண்டி அதில் இடம் வலமாகச் சுற்றிக் காட்டிய நளினத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

போட்டியன்று ரப்பர் விரிப்பில் வண்டி முதல் பந்தை நோக்கி நேராகப் போனது. திரும்பச் சொன்னான். திரும்பவில்லை, தவளை மாதிரி எகிறியது. மறுபடி சொன்னான். மறுபடி எகிறி, பலகையில் சாய்ந்து, மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்து, பியூஸ் போய் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவர் பக்கத்தில் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் கையில் மைக் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரிந்தே இருந்தது.

“வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. ஓட்டறவருக்குத் திருப்பத் தெரியலீங்க.”

அரங்கம் சிரித்தது. முப்பது வருடமாக, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் மேகமுமாக இருக்கிற பாதையில், பிள்ளைத்தாய்ச்சிகளையும் கேஸ் சிலிண்டர்களையும் சேர்த்துக் கொண்டுபோய் இறக்குகிற ஒருவனைப் பற்றி நான் சொன்னது அது. அவன் என்னைப் பார்க்கவில்லை. ரிமோட்டை அணைத்தான். பலகைமேல் வைத்தான். அது கீழே விழாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு வெளியே போனான். பியூஸ் மாற்றிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது அவன் பஸ் ஏறியிருந்தான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் நானே கூப்பிட்டேன். எடுத்தது அவன் மனைவி.

“இப்பத்தேன் தோட்டத்துக்குப் போனாருண்ணே.”

பின்னால் அவன் இருமுவது கேட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்ட இருமல்.

“சரிம்மா. வந்தா சொல்லு.”

“சொல்றேண்ணே. ஒடம்பு நல்லா இருக்கா? சாப்டீகளா?”

சாப்பிட்டேன் என்றேன். அது மட்டும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பது எவ்வளவு நீளமானது என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். பகலில் புத்தகம் படிக்கலாம். நாலரை மணிக்குமேல் புத்தகங்களுக்கு வாய் முளைத்துவிடும். ‘உனக்கு வேறு யாருமில்லையா?’ என்று கேட்க ஆரம்பிக்கும். குத்தகைக்காரர் தேங்காய் போட வரும் நாட்களில் அவரிடம் வலியப் போய்ப் பேசினேன். அவர் கட்சிக்காரர். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது, என் கேள்வி எதுவும் அவரிடம் இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு: நான் சொன்னது சரிதான் என்று நிரூபித்துவிட்டால் மன்னிப்பே தேவைப்படாது. எனவே அதே வண்டியைக் களத்தில் இறக்கி, ஒரு கையில் ரிமோட், ஒரு கையில் போனுடன் வீடியோ எடுத்தேன். அழகாகத் திரும்பியது. ‘பார், வண்டி திரும்புகிறது’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து மாடு வைத்துப் பால் ஊற்றும் அம்மிணி ஒருவர் இருக்கிறார். நான் வீடியோ எடுத்ததைப் புல்கட்டுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, அந்தக் களத்துலயா உட்டுப் பாக்கறீங்?”

“ஆமா அம்மிணி. ஏன்?”

“எம்பட கன்னுக்குட்டி போன மாசம் அதுக்குள்ள வந்து நாலு காலயும் பரப்பிட்டு உழுந்துச்சுங்களே. அறுவது வருசமா கொப்பரை காஞ்சு காஞ்சு எண்ணெ ஊறுன தரைங்ணா அது. அதுல எது திரும்பாது? கட்டிலத் தள்ளுனாக் கூடத் திரும்புமுங்க.”

நான் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். விரல் பளபளத்தது. பிறந்ததிலிருந்து அந்தக் களத்தில் நடக்கிறேன். செருப்பில்லாமல் மெதுவாகத்தான் நடப்பேன், அது எங்கள் வீட்டு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

“வழுக்காத தரை வேணும்னா மாட்டுப் பாய் ரெண்டு பழசு கெடக்குதுங்க. கழுவி எடுத்துக்கங்க. மாடு கேட்டா நான் சொல்லிக்கறனுங்.”

தொழுவத்தில் மாட்டுக்குக் கீழே விரிக்கும் கனத்த ரப்பர் பாய்கள். எவ்வளவு கழுவினாலும் அவை தங்கள் முன்வாழ்க்கையை மறக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் போட்டு வண்டியை வைத்தேன். வலது பக்கம் திருப்பினேன். எகிறியது. கருகல் வாசனை. பியூஸ். ஓட்டியவன் நான். ஓட்டுநரை மாற்றியாயிற்று, நோய் அப்படியே இருந்தது.

அந்தப் பாய்மேல் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அம்மிணி வந்து “மயக்கமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அனுப்பிய வீடியோவை அழித்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீடியோவே பரவாயில்லை போலிருந்தது.

வண்டியைப் பிரித்தேன். பக்கச் சட்டங்களில் நடுவே புதுத் துளை போட்டேன், மற்ற அச்சுகளைவிட மூன்று மில்லிமீட்டர் கீழே. கேரட் ஜீப்பில் அவன் முதுகால் கண்டுபிடித்ததை நான் வெர்னியர் காலிப்பரால் அளந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு சக்கரம், ஒரு பக்கம் மூன்று, செயினால் இணைத்து. தரையில் வைத்ததும் வண்டி ஆடியது. முன்னே அழுத்தினால் பின்சக்கரம் தூக்கியது, பின்னே அழுத்தினால் முன்சக்கரம். எந்த நேரத்திலும் நடுச் சக்கரமும் முன் மூலைகளோ பின் மூலைகளோ மட்டும்தான் பாரம் தாங்கின. தரையைப் பொறுத்தவரை வண்டியின் நீளம் பாதியாகிவிட்டது. ஆடுவதைப் பார்க்க எனக்குப் பல் கூசியது. மாட்டுப் பாயில் வைத்து வலது பக்கம் திருப்பினேன். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே, முழு வட்டம்.

சுற்றும்முற்றும் பார்த்தேன். வேலிக்கு மேலே ஒரு கலப்பின மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய ஆள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், தோட்டத்துக்குப் போயிருந்தான்.

இரண்டு நாள் கழித்து வண்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மூணாறு பஸ். சின்னாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஏறி, என் மடியிலிருந்த சாக்கைத் தட்டினார்.

“இதெந்தா?”

“ரோபோ ஸார்.”

“ஓடுமோ?”

“இப்ப திரும்பவும் செய்யும் ஸார்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வட்டவடை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கேரட் கழுவும் இடத்தில் அவன் ஜீப் நின்றது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான்.

“வாங்க. ஒக்காருங்க.”

முப்பது சொச்சம் வருடத்தில் அவன் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை. கேரட் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். சாக்கைப் பிரித்து வண்டியை எடுத்து வைத்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஏழு மணி நேரம் தயாரித்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இறங்கி வரவில்லை. அவன் வண்டியைப் பார்த்தான். கீழே குனிந்து பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு ஜீப்பிலிருந்து கால்மிதி ரப்பர் பாய் நான்கையும் உருவித் தரையில் சேர்த்துப் போட்டான். ரிமோட்டுக்குக் கையை நீட்டினான்.

இடது. வலது. பாதித் திருப்பத்தில் நிறுத்தி மறுபடி இடது. வண்டி அவன் நினைப்பதற்கு முன்பே திரும்புவதுபோல் இருந்தது. கேரட் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

“டேய், எம்புட்டுடா எறக்கின?”

“மூணு மில்லி.”

“நாலு எறக்கியிருக்கலாம்.” நிறுத்தினான். ரிமோட்டை அணைத்து என் கையில் கொடுத்தான். “நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”

“போட்டிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குடா. உன் பேருதான் எழுதியிருக்கறேன். தப்பு எம்மேலதான், களத்துல எண்ணெ ஊறியிருந்தது, நீ சொன்ன மாதிரி...”

“இத எங்க வந்து சொல்றீக?” அவன் குரல் உயரவில்லை. “இங்க இந்த ரெண்டு பொம்பளையாளுக கேக்கவா? சொன்னது எங்க?”

ஒரு பெண் மற்றவளை இடித்தாள். இருவரும் கேரட்டுக்குத் திரும்பினார்கள்.

இதோடு எழுந்து நடந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அன்று கீழே மூணாறுக்குப் போகும் வேறு வண்டி எதுவும் இல்லை. அவன் ஜீப்தான். மூட்டைகளுக்கு நடுவில் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். இரண்டு மணி நேரப் பாதை. பின்பாரத்தில் முன்சக்கரம் தொட்டும் தொடாமலும் மிதக்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் அவன் ஒரு கையால், எதிரே மேகத்தைப் பார்த்துக்கொண்டு திருப்பினான். எனக்கு எதிரே அவனுடைய பிடரி மட்டும் இருந்தது. பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

போட்டிக்குத் தனியாகப் போனேன். போட்டிக்கு முன் ஒவ்வொரு அணியும் ஒரு நிமிடம் மைக்கில் தங்கள் வடிவமைப்பை விளக்க வேண்டும் என்பது விதி. மாணவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் ஐந்து நிமிடம் பேசுவார்கள். என் முறை வந்தது.

“போன வருசம் இதே எடத்துல என் வண்டி திரும்பலீங்க. ஓட்டறவருக்குத் திருப்பத் தெரியலீன்னு நான் மைக்குல சொன்னேன். அது பொய்யிங்க. நாலு சக்கரமும் ஒரே மட்டத்துல வெச்சு நீளமா வரைஞ்சது நான். நடுச் சக்கரத்த எறக்கு, இல்லீன்னா திரும்பாதுன்னு அவரு முன்னாலயே சொன்னாருங்க. இந்த வண்டி அவரோட யோசனைங்க. அவரு வரலீங்க. அவ்வளவுதானுங்க.”

உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். நடுவர் மேசையிலிருந்து ஒரு அம்மையார், பேராசிரியராக இருக்க வேண்டும், கண்ணாடியை உயர்த்தினார்.

“நல்லது சாரே. போன வருஷமும் நீங்க வந்திருந்தீங்களா?”

நடுவர்கள் மூவரும் புதியவர்கள். போன வருடம் சிரித்தவர்கள் கடைசி வருட மாணவர்கள், படிப்பு முடிந்து போயிருந்தார்கள். விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். நான் ஒரு வருடமாகச் சுமந்து வந்து இறக்கியதை வாங்கிக்கொள்ள அந்த அரங்கில் ஆள் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் இரக்கப்பட்டு இரண்டு முறை கைதட்டினாள்.

பிறகு ஓட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. அது திரும்பும் வேகத்துக்கு என் கட்டைவிரல் திரும்பவில்லை. மூன்று முறை பலகையில் இடித்தேன். ஒரு பந்தை எதிரணிப் பெட்டியில் போட்டேன். அவர்கள் நன்றி சொன்னார்கள். பதினொன்றில் ஒன்பதாவது.

சாயங்காலம் வாளையார்ச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றபடி அவனைக் கூப்பிட்டேன். லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. எடுத்தது அவன் மனைவி.

“இருக்காருண்ணே. குடுக்கறேன்.”

போன் கை மாறுவது கேட்டது. நடந்ததைச் சொன்னேன். மைக்கில் என்ன சொன்னேனோ அதை மாற்றாமல் சொன்னேன். யாருக்கும் ஞாபகம் இல்லை என்பதையும் சொன்னேன்.

“ஒருத்தருக்குமா?”

“ஒருத்தருக்குமில்லடா.”

“எனக்கு இருக்கு.”

“தெரியும்.”

ஒரு சிமெண்ட் லாரி தாண்டிப் போயிற்று.

“யாரு ஓட்டுனது?”

“நான்தான்.”

“எத்தன தடவ இடிச்ச?”

“மூணு.”

“திரும்பும்போதா, நேரா போகும்போதா?”

“நேரா போகும்போது.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா வேறு ஏதாவதா என்று லாரிச் சத்தத்தில் பிரித்தெடுக்க முடியவில்லை.

“வர்ற வாரம் கூப்புடாத. பூண்டுக்கு மருந்தடிக்கணும். அடுத்த வாரம் வேணா பாப்போம்.”

நீ கூப்பிடுவாயா, நான் கூப்பிடட்டுமா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். பஸ் வந்தது. சாக்குடன் ஏறினேன். உட்கார இடமில்லை. சாக்கைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, யார் கூப்பிடுவது என்பதை யோசித்தபடி வீடு வரைக்கும் நின்றேன்.